‘அனைவரும்’ என்னும் ஒரு சொல்
இளைஞர் மன்ற விதிநூல்கள் பற்றிய ஒரு திறனாய்வு

கவிதையையும் கதையையும் திறனாய்வு செய்வோர் நம்மிடையே உளர். மேடைச் சொற்பொழிவையும் அளந்து பார்த்துக் குறைநிறை கூறுவோர் உளர். ஆனால் ஓர் இளைஞர் மன்றத்தின் விதிநூலைக் கையிலெடுத்து, அதன் சொற்களை உரைகல்லில் உரைத்துப் பார்ப்பவரைக் காண்பது அரிது. அச்சகத்தில் முந்நூறு படி அடித்து, பதிவு அலுவலகத்தில் ஒரு படி கொடுத்து, எஞ்சியவற்றைப் பரண்மேல் போட்டுவிட்டால் அந்நூலின் வாழ்வு முடிந்தது என்றே பலரும் எண்ணுகின்றனர். நாம் அவ்வாறு எண்ணவில்லை. ஒரு சமுதாயத்தின் பிள்ளைகள் ஒருவரையொருவர் எவ்வாறு நடத்த உறுதி பூண்டனர் என்பதைச் சொல்லும் உரைநடை அது. ஆகவே அதுவும் திறனாய்வுக்குரிய எழுத்தே.

திருப்பூரிலும் அதனைச் சூழ்ந்த அவினாசி, பல்லடம் பகுதிகளிலும் இளைஞர் மன்றங்களுக்குக் குறைவில்லை. பள்ளிவாசலைச் சார்ந்தவை, தெருவைச் சார்ந்தவை, விளையாட்டுக்கென்று எழுந்தவை, இரத்ததானத்துக்கும் நூலகத்துக்கும் என்று எழுந்தவை எனப் பலவகை. நம் பார்வைக்கு வந்த விதிநூல்கள் சிலவற்றில் ஏறத்தாழ ஒரே வாக்கியம் முகப்பிலே நின்று வரவேற்கிறது. சாதி, சமய, மொழி வேறுபாடின்றி இளைஞர் அனைவரும் இம்மன்றத்தில் உறுப்பினராகலாம் என்பது அதன் சாரம். நல்ல வாக்கியம், ஓசையும் உடையது. ஆயினும் ஒரு வாக்கியம் நல்லதாக இருப்பது வேறு. மெய்யாக இருப்பது வேறு. இதன் மெய்ம்மையை ஆராய்வதே நம் நோக்கம்.

முதற்கண் ‘இளைஞர்’ என்னும் சொல்லைப் பார்ப்போம். தமிழிலக்கணப்படி இது பலர்பாற் சொல். ஆடவரையும் மகளிரையும் ஒருங்கே குறிக்கும். விதிநூல் எழுதியவர் இலக்கணம் அறிந்தவராயின், தம் மன்றத்தின் வாயிலைப் பெண்மக்களுக்கும் திறந்துவிட்டார் என்றே பொருள். ஆனால் உறுப்பினர் பட்டியலைப் புரட்டினால் பெண்ணின் பெயர் ஒன்றுகூட இராது. பனியன் கம்பெனிகளின் செக்கிங் மேசைகளிலும், பிசிரு வெட்டும் இடங்களிலும், பவர்டேபிளிலும் அமர்ந்து இவ்வூரின் ஏற்றுமதியைத் தாங்கி நிற்போரில் பெரும்பகுதியினர் பெண்கள். நூற்பாலை விடுதிகளில் தங்கி உழைக்கும் இளநங்கையர் எத்தனையோ பேர். உழைப்பில் இளைஞராகக் கொள்ளப்படும் இவர்கள் மன்றத்தில் மட்டும் அச்சொல்லுக்குப் புறத்தே நிற்கின்றனர். மகளிருக்கெனத் தனி அமர்வு, தனிப் பொறுப்பாளர், தனி நேரம் என்று ஏற்பாடு செய்வதை எவரும் குறைகூறப் போவதில்லை. எவ்வித ஏற்பாடும் செய்யாமல் பலர்பாற் சொல்லை மட்டும் அச்சிடுவதே குறை.

இளமைக்கு எல்லை வகுப்பதிலும் கருத்து வேறுபாடு உண்டு. 2003-ஆம் ஆண்டின் தேசிய இளைஞர் கொள்கை 13 வயது முதல் 35 வயது வரையிலானோரை இளைஞர் என்றது. 2014-ஆம் ஆண்டின் கொள்கை அதனை 15 முதல் 29 எனச் சுருக்கியது. நம் மன்றங்களிலோ நாற்பத்தைந்தைத் தாண்டியவர் செயலாளராகவும், பதினேழு வயதுப் பிள்ளை நாற்காலி அடுக்குபவனாகவும் இருப்பதைக் காண்கிறோம். வயதால் இளையவன் என்பதாலேயே ஒருவன் பேச்சு எடுபடாமற் போவதும் ஒருவகை வேற்றுமை பாராட்டலே. உஸாமா இப்னு ஸைத் (ரலி) அவர்கள் இருபதாண்டு நிரம்பாத அல்லது அதனையொட்டிய பருவத்தில் படைத்தலைவராக நியமிக்கப்பட்டபோது மூத்தோர் சிலர் முணுமுணுத்தனர் என்பதும், அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அம்முணுமுணுப்பை ஏற்கவில்லை என்பதும் நாமறிந்த வரலாறு.

அடுத்து, ‘வேறுபாடின்றி’ என்பதற்கு முன்னே நிற்கும் பட்டியல். எந்த விதிநூலிலும் கூர்ந்து நோக்கவேண்டிய இடம் இதுவே. பட்டியலில் எது இருக்கிறது என்பதைவிட எது விடுபட்டிருக்கிறது என்பதே அம்மன்றத்தின் உள்ளத்தைக் காட்டும். நம் அரசியல் சட்டத்தின் 15-ஆவது பிரிவு சமயம், இனம், சாதி, பால், பிறப்பிடம் ஆகிய ஐந்தையும் எண்ணிச் சொல்கிறது. கல்வி நிலையங்களில் சேர்வது பற்றிய 29-ஆவது பிரிவு மொழியையும் சேர்த்துச் சொல்கிறது. நம் மன்ற விதிநூல்களில் சாதியும் சமயமும் தவறாமல் வருகின்றன. மொழி பெரும்பாலும் வருகிறது. பாலும் பிறப்பிடமும் மிக அரிதாகவே வருகின்றன. உடற்குறையோ பொருள்நிலையோ இடம்பெறக் காணோம். திருப்பூரைப் பொறுத்தவரை, விடுபட்ட அந்நான்கே இன்று உயிர்நாடியான கேள்விகள்.

பட்டியலில் விடுபட்டது வாழ்க்கையில் என்ன செய்யும் என்பதற்குச் சாரணர் இயக்கத்தின் வரலாறே தக்க சான்று. பேடன் பவல் 1908-இல் வகுத்த சாரண விதிகளில் நான்காவது, சாரணன் எல்லோர்க்கும் நண்பன், பிற சாரணர் எந்த வகுப்பினராயினும் அவர்களுக்குச் சகோதரன் என்னும் கருத்தினது. ஏழை பணக்காரன் என்னும் வேற்றுமையை அவ்விதி எண்ணிப் பார்த்தது; நிறத்தை எண்ணிப் பார்க்கவில்லை. இந்தியாவில் 1909-இல் பெங்களூரில் சாரணர் படை தொடங்கப்பட்டபோது அது ஐரோப்பியச் சிறுவர்க்கும் ஆங்கிலோ இந்தியச் சிறுவர்க்குமே உரியதாயிருந்தது. இம்மண்ணின் பிள்ளைகளுக்கு அதில் இடமில்லை. 1916-ஆம் ஆண்டையொட்டி அன்னி பெசண்ட் அம்மையார் அருண்டேலின் துணையோடு சென்னையில் இந்தியச் சிறுவர்க்கெனத் தனிச் சாரணர் சங்கம் அமைக்க நேர்ந்தது அதனால்தான். 1921-இல் பேடன் பவல் இந்தியா வந்தபோது அச்சங்கம் உலக இயக்கத்தோடு இணைந்தது. சகோதரத்துவம் எழுதப்பட்ட நாளுக்கும், அது இந்தியச் சிறுவனை எட்டிய நாளுக்கும் இடையே பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் கழிந்துவிட்டன.

தென்னாப்பிரிக்காவின் கதை இதனினும் நீண்டது. அங்கே 1936-இல் வெள்ளையர், ஆப்பிரிக்கர், இந்தியர், கலப்பினத்தார் என நால்வகையார்க்கும் நான்கு சாரணர் சங்கங்கள் தனித்தனியே அமைந்தன. நால்வகைச் சிறுவரும் ஒரே வாக்குறுதியைச் சொன்னார்கள். ஒரே சகோதரத்துவ விதியை மனனம் செய்தார்கள். ஆனால் ஒரே கூடாரத்தில் உறங்கவில்லை. நான்கும் ஒன்றானது 1977-ஆம் ஆண்டில். நாற்பத்தோராண்டுக் காலம் ஒரு விதியை மனனம் செய்துகொண்டே அதனை மீறவும் முடியும் என்பதை இதனின் தெளிவாக எதுவும் காட்டாது.

வெளிநாட்டுக் கதை எதற்கு என்பார்க்கு நம் தமிழகத்துக் கதையே உண்டு. 1922-ஆம் ஆண்டின் இறுதியில் வ.வே.சு. ஐயர் திருநெல்வேலிச் சீமையின் சேரன்மாதேவியில் ஒரு குருகுலம் நிறுவினார். அவர் எளியவரல்லர். திருக்குறளை ஆங்கிலத்தில் பெயர்த்தவர்; கம்பனை உலகக் கவிகளோடு ஒப்புநோக்கி எழுதியவர்; நாட்டுக்காக நாடு கடந்து வாழ்ந்தவர். இளைஞர்க்குத் தேசிய உணர்வும் தாய்மொழிக் கல்வியும் கைத்தொழிலும் ஒருங்கே ஊட்டுவது அவரது நோக்கம். தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டி பொருள் தந்தது; செல்வரும் கடல்கடந்த தமிழரும் உதவினர். நோக்கத்திலோ நடத்துபவரின் கல்வியிலோ நேர்மையிலோ குறைகாண இடமில்லை. ஆனால் உணவு வேளையில் பிராமணச் சிறுவர் இருவர் மட்டும் தனியே அமர்ந்து உண்டனர். அச்செய்தி வெளிவந்ததும் தமிழகமே கொதித்தெழுந்தது.

இவ்வழக்கில் நாம் கூர்ந்து நோக்கவேண்டியது ஒன்றுண்டு. வேற்றுமை குருகுலத்தின் குறிக்கோளில் எழுதப்பட்டிருக்கவில்லை. அது பாடத்திட்டத்திலும் இல்லை. சாப்பாட்டுப் பந்தியில் இருந்தது. பெற்றோர்க்குக் கொடுத்த வாக்கைக் காக்கவேண்டியதாயிற்று என்றும், தாம் எல்லோரோடும் அமர்ந்து உண்பவரே என்றும் ஐயர் தரப்பில் கூறப்பட்டது. அது பொய்யுமன்று. ஆயினும் தனிப்பட்ட ஒருவரின் தூய்மை ஒரு நிறுவனத்தின் நடைமுறைக்கு ஈடாகாது என்று பெரியார் ஈ.வெ. ராமசாமியும் டாக்டர் வரதராஜுலு நாயுடுவும் வாதிட்டனர். 1925 ஏப்ரலில் திருச்சியில் கூடிய காங்கிரஸ் கமிட்டி, பிறப்பினால் உயர்வு தாழ்வு பாராட்டலாகாது என்னும் கருத்தில் தீர்மானம் நிறைவேற்றிற்று. அதனை ஏற்காத சிலர் கமிட்டியினின்று விலகினர். அவ்வாண்டு ஜூன் மாதம் பாபநாசத்து அருவியில் தம் மகளைக் காக்க முயன்று ஐயர் உயிர் துறந்தார். ஒரு பந்தியின் பொருட்டு எழுந்த பிளவு தமிழக அரசியலின் போக்கையே மாற்றிற்று.

சாரணர் வரலாறும் சேரன்மாதேவி வரலாறும் நமக்குத் தரும் அளவுகோல்கள் இரண்டு. முகப்புப் பட்டியலில் விடுபட்டது எது என்று பார்ப்பது ஒன்று. பந்தி எங்கே பிரிகிறது என்று பார்ப்பது மற்றொன்று. இவ்விரண்டையும் கையிற்கொண்டு இனித் திருப்பூருக்கு வருவோம்.

சேரன்மாதேவியில் பூசல் எழுந்த அதே 1925-ஆம் ஆண்டில்தான் திருப்பூரில் குலாம் காதர் சாகிபு பின்னலாடைத் தொழிலைத் தொடங்கினார் என்று இவ்வூரின் தொழில் வரலாற்றை எழுதியோர் குறிப்பிடுகின்றனர். பருத்திச் சந்தையாக இருந்த ஊர் பனியன் ஊராயிற்று. 1932 ஜனவரியில் கொடியேந்தி ஊர்வலம் போய்த் தடியடிபட்டு உயிர்நீத்த குமரன், தேசபந்து இளைஞர் மன்றத்தை நிறுவியவர். ஆகவே இளைஞர் மன்றம் என்பது இவ்வூருக்குப் புதிதன்று. அதற்கு ஓர் உயர்ந்த மரபே உண்டு. எழுபதுகளின் இறுதியில் ஏற்றுமதி தொடங்கி, எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் ஓங்கியபோது மதுரை, தேனி, திண்டுக்கல், நெல்லைப் பகுதிகளிலிருந்து குடும்பம் குடும்பமாக மக்கள் வந்து குடியேறினர். இன்று பீகார், ஒடிசா, மேற்கு வங்காளம், உத்தரப் பிரதேசம் முதலான மாநிலங்களின் இளைஞர்கள் நிட்டிங் கூடங்களிலும் சாயப்பட்டறைகளிலும் ஓவர்லாக் இயந்திரங்களிலும் உழைக்கின்றனர். வந்தவர்களால் வளர்ந்த ஊர் இது. வந்தவர் என்பது இங்கே இழிசொல்லாக முடியாது. அது இவ்வூரின் வரலாறு.

வடபுலத்து இளைஞருள் நம் சமயத்தாரும் கணிசமாக உளர். வெள்ளிக்கிழமை அவர்கள் நம் பள்ளிவாசல்களில் நம்மோடு தோளோடு தோள் சேர்த்து அணியில் நிற்கின்றனர். ஸலாம் கொடுத்து எழுந்தபின் நடப்பதுதான் நம் திறனாய்வுக்குரியது. நம் இளைஞர்கள் ஒரு பக்கம் கூடி நின்று பேசுகின்றனர். அவர்கள் செருப்பை எடுத்துக்கொண்டு அறைக்குத் திரும்புகின்றனர். மன்றத்தின் உறுப்பினர் பட்டியலில் அவர்கள் பெயர் இல்லை. நோன்புக் கஞ்சி வரிசையில் காணும் முகங்களை ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் காண முடிவதில்லை. அவர்களைக் குறிக்க வழங்கும் ‘வடக்கன்’ என்னும் சொல் திசையை மட்டும் குறிப்பதாகத் தோன்றும். அச்சொல்லைச் சொல்லும் குரலைக் கேட்டால் அதில் திசை இல்லை, இளக்காரமே உண்டு என்பது விளங்கும். வயதில் மூத்த தொழிலாளியையும் ஒருமையில் அழைக்க இச்சொல் நம் பிள்ளைகளுக்குப் பழக்கிவிடுகிறது.

இதனால் விளையும் கேட்டைக் காணத் தொலைவில் போகவேண்டுவதில்லை. 2023 மார்ச் மாதத் தொடக்கத்தில், தமிழகத்தில் பீகார்த் தொழிலாளர் தாக்கப்படுகின்றனர் என்று போலிக் காணொளிகள் பரவின. வேறெங்கோ வேறெதற்கோ நடந்த நிகழ்ச்சிகளின் படங்களைச் சேர்த்துக் கட்டிய பொய் அது. காவல்துறை அதனை மறுத்தது. பரப்பியோர் மீது வழக்குகள் பதிவாயின. பீகார் அரசின் குழு நேரில் வந்து விசாரித்தது. ஆயினும் அந்நாள்களில் அஞ்சி ஊர் திரும்பியோர் பலர். அதிகாரிகள் இந்தியில் விளக்கம் கூறித் தொழிலாளர் குடியிருப்புகளுக்குச் செல்லவேண்டியதாயிற்று. பல்லாண்டு நம்மோடு ஒரே தெருவில் வாழ்ந்த இளைஞன், தன் கண்ணால் கண்ட அண்டை வீட்டாரை நம்பாமல் கைப்பேசியில் வந்த பொய்யை ஏன் நம்பினான்? நம்புவதற்கு அவனுக்கு அண்டை வீட்டார் என்று ஒருவரும் இல்லை, அதுவே காரணம். அவன் பெயரை அறிந்த, அவன் அறைக்குப் போய் ‘அஞ்சாதே’ என்று அவன் மொழியிலே சொல்லத்தக்க ஒரு மன்றத் தோழன் இருந்திருப்பின் அப்பொய்யின் வலிமை பாதியாகக் குறைந்திருக்கும்.

இதில் நம் மன்றங்களுக்குத் தனிப்பொறுப்பு உண்டு என்பது நம் கருத்து. கொங்கு நாட்டு முஸ்லிம்களுள் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோரும் உருது பேசும் குடும்பத்தாரும் கலந்து வாழ்கின்றனர். பீகாரி இளைஞன் பேசும் மொழி நம் வீடுகள் பலவற்றில் பாதியேனும் விளங்கும் மொழி. ஊரில் வேறெவரிடமும் எளிதிற் கிடைக்காத இப்பாலம் நம் கையில் இருக்கிறது. அப்பாலத்தின் மீது எவரும் நடக்கவில்லையென்றால் அது இருந்தும் பயனில்லை.

இனி, பந்தி பிரியும் பிற இடங்களையும் காண்போம். கூட்டம் ஞாயிறு காலை பத்து மணிக்கு என்று விதியிருக்கும். ஏற்றுமதிச் சரக்கு அனுப்பும் நெருக்கடியில் ஞாயிறும் வேலை நாளே. மற்ற நாள்களில் ஒன்றரை ஷிப்டு முடித்து இரவு எட்டரைக்குத்தான் தொழிலாளி வெளியே வருகிறான். அவனால் வரமுடியாத நேரத்தில் கூடிவிட்டு, அவனுக்கு அக்கறையில்லை என்று தீர்மானம் எழுதுகிறோம். சந்தா ஆண்டுக்கு ஒருமுறை மொத்தமாகக் கட்டவேண்டும் என்று விதியிருக்கும். வாரச் சம்பளத்தைச் சனிக்கிழமை வாங்கி, அறை வாடகையும் மெஸ் கணக்கும் தீர்த்து, மீதியை ஊருக்கு அனுப்புகிறவனுக்கு மொத்தத் தொகை ஒரு மதில். புதிய உறுப்பினரை இரண்டு பழைய உறுப்பினர் முன்மொழியவேண்டும் என்று விதியிருக்கும். இங்கே உறவினர் இல்லாதவனுக்கு அதுவும் ஒரு மதில். இவ்விதிகளில் எதுவும் எவரையும் விலக்குவதாகச் சொல்லவில்லை. எல்லாம் சேர்ந்து விலக்கிவிடுகின்றன. முகப்பில் ‘அனைவரும்’ என்று எழுதிய கையே ஆறாம் விதியிலும் ஒன்பதாம் விதியிலும் அச்சொல்லை மெல்ல அழித்துவிடுகிறது.

ஊர்க்காரர்க்குள்ளேயும் வேற்றுமை உண்டு. கம்பெனி முதலாளி மகனுக்குப் பொருளாளர் பதவி. கைமடி வேலை பார்க்கும் பையனுக்குப் பந்தல் வேலை. குடும்பப் பட்டப்பெயர் சொல்லி ஒருவரையொருவர் உயர்த்துவதும் தாழ்த்துவதும் நம்மிடம் அறவே இல்லை என்று மேடையில் முழங்குகிறோம். சலூன் நடத்துபவர் மகன் செயலாளராக முன்மொழியப்படும் நாளன்று அம்முழக்கத்தை நினைவூட்டிக்கொள்வது நன்று. புதிதாக இஸ்லாத்தில் இணைந்தவரை ‘நவமுஸ்லிம்’ என்று மூன்றாந்தலைமுறை வரை அழைப்பதும் இவ்வகையே. மரியாதையாகத் தொடங்கிய சொல் ஒரு கட்டத்துக்கு மேல் வேலியாகிவிடுகிறது.

கண்ணிழந்தோரையும் கால் இயலாதோரையும் பற்றி விதிநூல்கள் வாய் திறப்பதேயில்லை. உதவி பெறுவோர் பட்டியலில் அவர்கள் இடம்பெறுவர். மூன்று சக்கர வண்டி வழங்கும் விழாவில் புகைப்படத்தில் நிற்பர். உறுப்பினர் பட்டியலில் இரார். மன்ற அறையோ கடைக்கு மேலே, செங்குத்தான படிக்கட்டின் உச்சியில் இருக்கும். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இல் வந்துவிட்டது. நமக்கோ அதற்கும் மிக முந்திய கட்டளை உண்டு. கண்பார்வையற்ற இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்கள் வந்து வினவிய வேளையில் குறைஷித் தலைவர்களோடு உரையாடல் நடந்துகொண்டிருந்த நிகழ்ச்சியைப் பற்றியே ‘அபஸ’ அத்தியாயம் அருளப்பெற்றது. அப்பெருமகனார் பின்னர் மதீனாவில் பாங்கு சொல்பவராகவும், நபியவர்கள் வெளியே சென்ற காலங்களில் அவர்களின் பிரதிநிதியாகவும் விளங்கினார். பரிவு காட்டப்படுவதற்கும் பொறுப்பளிக்கப்படுவதற்கும் உள்ள தூரத்தை அவ்வரலாறு கடந்து காட்டுகிறது.

இங்கே ஒரு தடை எழும். ‘நாம் சிறுபான்மையினர். நமக்கென ஒரு மன்றம் வைத்துக்கொள்ளக்கூட உரிமையில்லையா? எல்லோரையும் சேர்த்தால் நம் தனித்தன்மை என்னாவது?’ என்று கேட்பர். நியாயமான கேள்வி. சங்கம் அமைக்கும் உரிமையை அரசியல் சட்டத்தின் 19-ஆவது பிரிவு வழங்குகிறது. பார்சிகளுக்கு மட்டுமே உறுப்புரிமை என்று விதித்த ஒரு கூட்டுறவு வீட்டுச் சங்கத்தின் துணைவிதி செல்லும் என்று 2005-இல் உச்சநீதிமன்றமே தீர்ப்பளித்துள்ளது. ஆகவே நம் சமுதாயத்தார்க்கு மட்டுமே என்று ஒரு மன்றம் எழுதிக்கொள்வதில் சட்டக்குறை இல்லை. குர்ஆன் மக்தபுக்கும் ஜனாஸா உதவிக்கும் அமைந்த மன்றம் அவ்வாறு இருப்பது இயல்பும்கூட. அப்படியாயின் அதனை வெளிப்படையாக எழுதட்டும். எழுதியபின், நம் சமுதாயம் என்பதற்குள் பீகாரியும் அடங்குவான், பெண்ணும் அடங்குவாள், சலூன்காரர் மகனும் அடங்குவான் என்பதையும் மறுக்காதிருக்கட்டும். இரத்ததானம், விளையாட்டு, நூலகம், தொழிற்பயிற்சி ஆகியவற்றுக்கு அமைந்த மன்றம் ‘அனைவரும்’ என்று எழுதினால் அடுத்த தெருவின் அருந்ததியர் இளைஞனும் அதில் அடங்குவான் என்பதை அறிந்தே எழுதட்டும்.

சட்டம் அனுமதிப்பதெல்லாம் நமக்குத் தகும் என்பதும் இல்லை. வாடகைக்கு வீடு தேடிப்போகும் நம் பிள்ளைகள் பெயரைச் சொன்ன மாத்திரத்தில், வீடு முன்பே பேசியாயிற்று என்னும் விடையைப் பெற்றுத் திரும்புவதுண்டு. வீட்டுக்காரர் கடிந்து ஒரு சொல்லும் பேசியிரார், புன்னகையோடுதான் அனுப்பியிருப்பார். அந்தப் புன்னகை எவ்வளவு சுடும் என்பதை நம் குடும்பங்கள் அறியும். அதே புன்னகையோடு நம் மன்றம் வேறொருவனைத் திருப்பியனுப்புமாயின், நம் மனக்குறையை எந்த வாயால் சொல்வது? நமக்கு நேரும்போது அநீதி எனப்படுவது நாம் செய்யும்போது நிர்வாக வசதி எனப்படலாகாது.

அரபு மொழியில் இளைஞனைக் குறிக்கும் ‘ஃபதா’ என்னும் சொல்லிலிருந்தே ‘ஃபுதுவ்வா’ என்னும் பண்புச்சொல் பிறந்தது. இளமை, வள்ளன்மை, வீரம், எளியோரைக் காத்தல் ஆகிய எல்லாம் அதனுள் அடங்கும். அப்பெயரால் இளைஞர் அமைப்புகளே முற்காலத்தில் இயங்கின. பின்னாளில் நம் மதுரைக்கும் வந்து சென்ற இப்னு பதூதா, 1330-களில் அனத்தோலியாவில் கண்ட அத்தகைய அமைப்பு ஒன்றை விரித்துரைக்கிறார். கைத்தொழில் செய்யும் இளைஞர்கள் தமக்குள் ஒரு தலைவரைத் தேர்ந்துகொண்டு, ஒரு விடுதி அமைத்து, பகலெல்லாம் உழைத்த கூலியை மாலையில் அவரிடம் சேர்த்து, உணவு வாங்கி, ஊருக்கு வந்த வழிப்போக்கரை விருந்தினராக ஏற்று உபசரித்தனர். அந்தாலியா நகரில் அவரை அழைத்த தலைவர் கந்தலுடுத்த ஒரு தோல் தொழிலாளி. அவர் பேசிய துருக்கி மொழி இப்னு பதூதாவுக்கு விளங்கவில்லை. உடனிருந்தவர் பெயர்த்துச் சொல்லவேண்டியிருந்தது. இவ்வெளியவர் எவ்வாறு நமக்கு விருந்திடுவார் என்று அவர் வியந்தார். அத்தலைவரின் கீழ் பல்வேறு தொழில் செய்யும் ஏறத்தாழ இருநூறு தோழர்கள் இருந்தனர் என்று பின்பு அறிந்தார். மொழி தெரியாமையும் ஏழ்மையும் அவ்விருந்துக்குத் தடையாகவில்லை. தொழிலாளர் நகரம் ஒன்றில் இளைஞர் மன்றம் எப்படி இருக்கக்கூடும் என்பதற்கு எழுநூறாண்டுக்கு முந்திய இச்சித்திரத்தை விடச் சிறந்த முன்மாதிரி வேண்டுமா?

அதற்கும் முற்பட்ட சான்று நபித்துவத்துக்கு முந்திய மக்காவில் உண்டு. யமன் நாட்டின் ஸபீத் பகுதியைச் சேர்ந்த வணிகன் ஒருவன் கொண்டுவந்த சரக்கை ஆஸ் இப்னு வாயில் என்னும் குறைஷித் தலைவன் வாங்கிக்கொண்டு பணம் கொடுக்க மறுத்தான். ஊருக்கு அந்நியனாகிய அவனுக்குப் பரிந்து பேச அங்கே குலத்தார் இல்லை. அவன் மலைமீதேறி நின்று முறையிட்டான். அதன்பின் அப்துல்லாஹ் இப்னு ஜுத்ஆனின் இல்லத்தில் சில குலத்தார் கூடி, அநீதி இழைக்கப்பட்டவர் மக்காவாசியாயினும் வெளியூராராயினும் அவர்க்கு உரியதை மீட்டுத் தரும்வரை ஒன்றாய் நிற்போம் என்று உடன்படிக்கை செய்தனர். ‘ஹில்ஃபுல் ஃபுளூல்’ எனப்படும் அவ்வுடன்படிக்கையில் அண்ணலார் (ஸல்) அவர்கள் ஏறத்தாழ இருபது வயது இளைஞராகக் கலந்துகொண்டார்கள். இஸ்லாம் வந்தபின்னும் அத்தகையதோர் உடன்படிக்கைக்கு அழைக்கப்பட்டால் ஏற்பேன் என்று அதனைப் பெருமையோடு நினைவுகூர்ந்தார்கள். நம் திறனாய்வுக் கண்ணுக்கு இதில் புலப்படுவது ஒன்று. அவ்வுடன்படிக்கை ‘அனைவரும்’ என்று பொதுவாகச் சொல்லி நின்றுவிடவில்லை. ‘வெளியூரார்’ என்று பெயர் சுட்டிச் சொல்லிற்று. எவன் விடுபடக்கூடுமோ அவனை முதலில் எண்ணி எழுதிற்று.

விதிநூல் எழுதுவோர்க்கு நாம் கூற விரும்புவதும் அதுவே. பொதுச்சொல் போதாது, விடுபடுவோரைப் பெயர் சுட்டி எழுதுக. பிறப்பிடம், பால், உடற்குறை, தொழில், வருவாய் ஆகியவற்றைப் பட்டியலில் சேர்க்க. சந்தாவை வாரந்தோறும் சிறுதொகையாகச் செலுத்தவும், இயலாதவர்க்கு விலக்களிக்கவும் விதி செய்க. கூட்டங்களை ஷிப்டு முடியும் நேரத்தையொட்டி மாற்றி மாற்றி வைக்க. முன்மொழிவோர் இல்லாதவனுக்கு மன்றமே முன்மொழிவோராகுக. கூட்ட நடவடிக்கைகளை உருதுவிலோ இந்தியிலோ எடுத்துச் சொல்ல ஒருவரைப் பொறுப்பாளராக்குக. மகளிர் அமர்வுக்கென நாளும் இடமும் பொறுப்பாளரும் எழுத்திலே இடம்பெறட்டும். நிர்வாகக் குழுவில் வெளிமாநிலத்தார்க்கும் தினக்கூலி உழைப்பாளர்க்கும் இடங்களை ஒதுக்குக. இவற்றுக்குப் பெரும்பொருள் தேவையில்லை. 1975-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி பதிவு பெற்ற மன்றங்கள் பொதுக்குழுவைக் கூட்டிச் சிறப்புத் தீர்மானத்தால் துணைவிதிகளைத் திருத்திக்கொள்ள வழியும் இருக்கிறது.

இக்கட்டுரையைப் படிக்கும் தாய்மார்க்கும் தந்தையர்க்கும் இறுதியாக ஒரு வேண்டுகோள். உங்கள் மகன் மன்றக் கூட்டத்துக்குப் போய்வருகிறான் என்று பெருமைப்படுகிறீர்கள், தகும். அடுத்தமுறை அவன் திரும்பி வந்ததும், என்ன பேசினீர்கள் என்று கேட்பதோடு நில்லாமல், யார் யார் வந்திருந்தார்கள், யார் வரவில்லை, ஏன் வரவில்லை என்றும் கேளுங்கள். உங்கள் மகளுக்கு அங்கே அமர்வு உண்டா என்று கேளுங்கள். அடுத்த வீட்டு மாடி அறையில் ஆறு பேராகத் தங்கியிருக்கும் இளைஞர்களில் ஒருவனுடைய பெயரேனும் அவனுக்குத் தெரியுமா என்று கேளுங்கள். அக்கேள்விகள் வீட்டில் எழுந்தால்தான் மன்றத்தில் எழும். மன்றத்தில் எழுந்தால்தான் விதிநூல் திருந்தும். முகப்பு வாக்கியத்தை அடிக்கவேண்டுவதில்லை. அதற்குக் கீழேயுள்ள விதிகளை அதற்கேற்ப எழுதினால் போதும்.